என் கைபேசி எதுவென்று உங்களுக்குத் தெரியும்: அலைபேசிச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அலைபேசிச் சேவை நிறுவனங்களில் கட்டணத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அந்நிறுவனங்களை நெறிப்படுத்தும் ஆணையங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இன்னொருவர் பயன்படுத்திக் கைமாற்றிய கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன். அதோடு, உறவிலும் நட்பிலும் யார் பழைய கைபேசி வாங்கினாலும் அதற்கு எந்த சிம் போடலாம், எந்த பிளான் கட்டுப்படியாகும் என்று பார்த்துச் சொல்லும் வேலையும் சில ஆண்டுகளாக என்னிடமே வந்து சேர்கிறது. இதுவரை பதினைந்து இருபது கைபேசிகளுக்காவது இப்படிப் பார்த்துக் கொடுத்திருப்பேன். அந்த அனுபவத்திலிருந்து உங்கள்முன் முதன்மையாக ஒரு கோரிக்கையை வைக்கிறேன். சிம்மைப் போட்டுக் கைபேசியை உயிர்ப்பித்த மறுகணமே அது எந்த மாடல், அதனால் எது முடியும், எது முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்களிடம் பணம் வாங்குவதற்கு முன்பு அதை எங்களுக்கும் சொல்லுங்கள்.

இது உங்களுக்குத் தெரியும் என்று நான் ஊகித்துச் சொல்லவில்லை. எந்தக் கைபேசியிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் போடக்கூடிய கைபேசியானால் இரண்டு எண்கள் தோன்றும். அதன் முதல் 8 இலக்கங்கள் தயாரிப்பாளரையும் மாடலையும் குறிப்பவை. அடுத்த 6 இலக்கங்கள் அந்தத் தனிக் கருவியின் வரிசை எண். கடைசி இலக்கம், எண் பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கானது. மாடலைக் குறிக்கும் 8 இலக்கங்களை உலகளவில் ஒதுக்கும் பொறுப்பு ஜிஎஸ்எம்ஏ என்னும் கூட்டமைப்பிடம் இருக்கிறது. எந்த இலக்கத் தொடர் எந்த மாடலுக்குரியது, அந்த மாடல் எந்தெந்த அலைவரிசைகளில் இயங்கும் என்ற விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அந்தக் கூட்டமைப்புதான் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வழங்குகிறது. கைபேசி உங்கள் கோபுரத்தோடு இணையும்போது இந்த எண்ணையும் தருகிறது. திருடப்பட்ட கைபேசிகளை நீங்கள் தடுப்பது இதை வைத்துத்தான். தடுப்பதற்குப் பயன்படும் அதே எண்ணை, உதவுவதற்கும் ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதே என் கேள்வி. எங்களைப் பற்றிய புதிய தகவல் எதையும் சேகரிக்கச் சொல்லவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு எங்களுக்கு ஒரு வரி சொல்லச் சொல்கிறேன்.

என் அத்தைக்கு நடந்ததைச் சொன்னால் இந்த ஒரு வரியின் அருமை புரியும். நெடுங்காலம் பட்டன் வைத்த கைபேசியையே பயன்படுத்தி வந்தவர், பேரப்பிள்ளைகளைத் திரையில் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, நான்கு ஆண்டுகள் பழகிய 4ஜி ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கினார். திரையின் ஓரத்தில் முடியளவு கீறல் ஒன்று, பேட்டரி சற்றுத் தளர்ந்தது. மற்றபடி குறையில்லாத கருவி. வேறொரு நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டு எப்படியோ கைமாறி வந்தது. பழைய சிம் பெரிய அளவில் இருந்ததால், நிறுவனத்தின் கடைக்கே சென்று நானோ சிம் வாங்கினோம். அங்கேயே ஒரு திட்டத்தையும் பரிந்துரைத்தார்கள். தினமும் டேட்டா உண்டு, அழைப்புக்கு வரம்பில்லை என்றார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மலிவு என்றதால் அப்படியே கட்டினோம்.

வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டதும் மேலே 4ஜி என்று நான்கு கோடுகளோடு தெளிவாக வந்தது. படங்கள் வந்தன, செய்திகள் வந்தன, பேரன் முகமும் வந்தது. அத்தைக்குப் பெருமகிழ்ச்சி. மாலையில் பக்கத்து வீட்டாருக்குச் சாதாரண அழைப்பு ஒன்றைப் போட்டார். எண்ணை அழுத்தியதும் ஒலி எதுவும் கேட்கவில்லை; 4ஜி என்ற எழுத்து சட்டென்று மறைந்தது, இரண்டு மூன்று நொடிகள் கழித்து அழைப்பு முடிந்தது என்று திரை சொன்னது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே. என் கைபேசியிலிருந்து நான் அவருக்குப் போட்டபோது, தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் வந்தது. அவரோ அறையின் நடுவே, நான்கு கோடுகளும் தெரியும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு என் எதிரில்தான் அமர்ந்திருந்தார்.

காரணத்தை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். 2ஜியிலும் 3ஜியிலும் குரல் அழைப்புக்கென்று தனி வழி இருந்தது. 4ஜியில் அந்தத் தனி வழி இல்லை. எல்லாமே டேட்டாவாகத்தான் போகும். ஆகவே 4ஜியில் பேச வேண்டுமென்றால் வோல்ட்இ என்னும் வசதி கைபேசியிலும் வேண்டும், வலையமைப்பிலும் வேண்டும், அந்த மாடலுக்கு அந்த நிறுவனம் அதைத் திறந்துவிட்டிருக்கவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அழைப்பு வரும்போது கைபேசி 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசும். அந்தப் பழைய வலையமைப்புகள் இருந்தவரை இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. அழைப்பு இணைய இரண்டு நொடி கூடுதலாகும், பேசும்போது இணையம் மெதுவாகும் அல்லது நின்றுபோகும், அவ்வளவே. இப்போது 3ஜியையும் சில இடங்களில் 2ஜியையும் நீங்கள் ஒவ்வொன்றாக மூடிவருகிறீர்கள். இறங்க இடமில்லாத கைபேசி, இணையத்தில் துள்ளிக்கொண்டும் அழைப்பில் ஊமையாகவும் நிற்கிறது. அத்தையின் கைபேசியில் வோல்ட்இ வசதி இருக்கத்தான் செய்தது. அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாடல்களின் பட்டியலில் அது இல்லை. வரம்பில்லா அழைப்புக்கு மூன்று மாதப் பணத்தைக் கட்டிய பிறகு, நான்கு நாள் வாடிக்கையாளர் சேவைக்கு அலைந்து இதைத் தெரிந்துகொண்டோம்.

பேரனோடு பேச முடியாமற்போவது வருத்தம். அவசர எண்ணை அழைக்க முடியாமற்போவது உயிர் தொடர்பானது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது இது நாடளாவிய சிக்கலானது. சாதாரண அழைப்புகளை 4ஜியில் செய்யும் கைபேசிகளில்கூடச் சில, அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியையே நாடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அத்தகைய கைபேசிகளுக்கு இணைப்பே தரக்கூடாது என்று அந்நாட்டு அரசு விதி செய்ய வேண்டியதாயிற்று. அந்த விதியை நிறைவேற்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கைபேசியின் மாடலையும் அறிந்து, அவற்றின் உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். மூடும் நாளில் செய்ய முடிந்த வேலையை, ஒருவர் திட்டம் வாங்கும் நாளிலும் செய்யலாம் அல்லவா?

அலைவரிசை விஷயமும் இத்தகையதே, ஆனால் இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. 4ஜி என்பது ஒரே அலைவரிசை அன்று. ஒரு நிறுவனம் 700, 850, 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று தன்னிடமுள்ள அலைக்கற்றைகளில் சேவை தருகிறது. மற்றொன்றிடம் வேறு தொகுப்பு இருக்கும். குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். உயர்ந்த அலைவரிசை வேகமாக அதிகத் தரவைச் சுமக்கும், ஆனால் அருகில் கோபுரம் வேண்டும். ஒரு பகுதிக்கெனச் செய்யப்பட்ட கைபேசியில் இன்னொரு பகுதியில் புழங்கும் குறைந்த அலைவரிசை இல்லாமற்போனால், வெளியில் நன்றாக வேலை செய்யும் சிம் வீட்டின் உள்ளறையில் செத்துவிடும். வாங்கியவர் கைபேசியைக் குறை சொல்வார், கைபேசி விற்றவர் சிம்மைக் குறை சொல்வார். மாடலுக்கேற்ற அலைவரிசைப் பட்டியலும் உங்கள் கோபுரங்களின் அலைவரிசைப் பட்டியலும் உங்களிடம் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் கைபேசியில் எங்கள் சேவை வீட்டுக்குள் மங்கலாக இருக்கலாம் என்று சொல்வதற்கு அதிக உழைப்பு தேவையில்லை. ஆனால் இன்றைக்கு இதை அறிய விரும்புபவர் தயாரிப்பாளரின் நுணுக்க விவரங்களைத் தேடி, அதே பெயரில் நாட்டுக்கு நாடு மாறும் மாடல் எண்ணைச் சரிபார்த்து, பிறகு உங்கள் அலைக்கற்றை விவரத்தைத் தேடி ஒப்பிட வேண்டியிருக்கிறது. என்னைப் போன்று இதில் ஈடுபாடுள்ளவனுக்கே அரைநாள் ஆகிறது.

ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் இயங்கும்படி லாக் போட்ட கைபேசிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் தீர்வு ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் லாக்கைத் திறக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. பிரிட்டனிலும் ஜப்பானிலும் 2021 முதல் லாக் போட்டு விற்பதற்கே தடை. இன்னும் அனுமதிக்கும் இடங்களிலுள்ள ஆணையங்கள் அந்த வழியைப் பின்பற்றினால் போதும். கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: 2022 முதல் சிம் தட்டே இல்லாத கைபேசிகளும் சில சந்தைகளில் விற்கப்படுகின்றன, அவை இப்போது இரண்டாம் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றை வாங்குபவருக்கு, அட்டை சிம்மில் மட்டும் கிடைக்கும் மலிவுத் திட்டங்கள் எல்லாம் அடைபட்ட கதவுகள். மலிவுத் திட்டத்தையும் ஈசிம்மில் தாருங்கள்.

இனி, தேவைக்கு மேல் விற்பதைப் பற்றி. பழைய கைபேசிக்காரர் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் பழையதை வாங்குகிறார். திட்டத்திலோ அந்த மிச்சம் கரைந்துபோகிறது. 4ஜி மட்டுமே தெரிந்த கருவிக்கு 5ஜி என்று பெயரிட்ட திட்டத்தை வாங்கி மாதக்கணக்கில் கட்டிவந்த நண்பர் ஒருவரின் கணக்கைச் சென்ற ஆண்டு பார்த்தேன். திட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு, சிம்மை மாற்றினால் கைபேசியே 5ஜி ஆகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அவரை ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். கைபேசிப் பெட்டியில் 5ஜி என்று அச்சிட்டிருந்தாலும்கூட உறுதியில்லை என்ற நிலையில் அவர் எப்படி அறிவார்? 2019-இல் வெளிவந்த முதல் 5ஜி கைபேசிகளில் பலவற்றால், 4ஜியின் துணையோடு இயங்கும் 5ஜியில் மட்டுமே சேர முடியும். தனித்து இயங்கும் 5ஜியை மட்டும் அமைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அவை 4ஜியிலேயே நிற்கும். இந்த வேறுபாட்டைக் கடையில் நிற்கும் விற்பனையாளரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஐஎம்இஐ இலக்கங்களைப் படிக்கும் உங்கள் கணினி ஒரு நொடியில் சொல்லும்.

டேட்டா அளவிலும் இதே கதை. ஒரு மணி நேர வீடியோ, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரையும் உயர்தரத்தில் 3 ஜிபி வரையும் எடுக்கும். பழைய சிறிய திரையில் அந்த உயர்தரம் கண்ணுக்கே தெரியாது. தரத்தை ஒரு படி குறைத்து வைத்தாலே பாதித் திட்டம் போதும். எதிர்ப்பக்கத்தில், ஒரு குரல் அழைப்பு எவ்வளவு சிறியது என்று பாருங்கள்: 2ஜி காலத்திலிருந்து புழக்கத்தில் உள்ள, நொடிக்கு 12.2 கிலோபிட் எடுக்கும் குரல் வடிவத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 5.5 எம்பி. ஆகவே படம் பார்ப்பவருக்கும் பேச மட்டும் செய்பவருக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ அன்று, நூற்றுக்கணக்கான மடங்கு. ஆனால் உங்கள் திட்டப் பட்டியலில் கீழ்ப்படிக்கும் நடுப்படிக்கும் உள்ள விலை வேறுபாடு அந்த விகிதத்தை எங்கேயும் பிரதிபலிப்பதில்லை.

பழைய கைபேசிக்கே உரிய ஒரு செலவும் உண்டு. அதை எந்தத் திட்ட விளக்கத்திலும் நான் பார்த்ததில்லை. முந்தையவரின் தகவல்களை அழித்துக் கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்ததும், அது ஆலையிலிருந்து வந்தபோது இருந்த செயலிகளோடு விழித்துக்கொள்கிறது. பிறகு நான்கு ஆண்டுகளில் வந்த அத்தனை அப்டேட்களையும் ஒரே நாளில் இறக்கத் தொடங்குகிறது. அத்தையின் கைபேசி காலை பத்து மணிக்கு இயங்கத் தொடங்கியது. பதினொன்றரை மணிக்கெல்லாம் அன்றைய டேட்டாவில் பாதி முடிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. பிற்பகல் பேரன் வந்த நேரத்தில் மொத்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் ஒரு வீடியோகூடத் திறந்திருக்கவில்லை. தன்னால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பயந்து, அடுத்த இரண்டு நாள் கைபேசியைத் தொடவே தயங்கினார். புதிய ஐஎம்இஐ எண்ணில் முதல்முறை இணையும் பழைய மாடலுக்கு, இன்று அப்டேட்டுகள் இறங்கும், வைஃபை இருந்தால் அதில் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. முதல் நாள் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இன்னும் பெரிய உதவி.

டேட்டா முடிந்த பின் வேகம் குறையும் என்று சிறிய எழுத்தில் போடுகிறீர்கள். எவ்வளவு குறையும்? பல திட்டங்களில் நொடிக்கு 64 கிலோபிட், அதாவது 8 கிலோபைட். 3 எம்பி அளவுள்ள ஒரே ஒரு புகைப்படம் வந்து சேர 375 நொடிகள், அதாவது ஆறேகால் நிமிடம். இன்றைய செயலிகளில் பெரும்பாலானவை அவ்வளவு நேரம் காத்திருக்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும். வரம்பில்லா டேட்டா என்று தலைப்பிலும் 64 கிலோபிட் என்று அடிக்குறிப்பிலும் எழுதுவதற்குப் பதில், இந்த வேகத்தில் எழுத்துச் செய்திகள் போகும், படங்கள் போகாது என்று நேராக எழுதுங்கள். அதைப் படித்த பிறகும் அத்திட்டம் போதும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். நானே சில வேளைகளில் அப்படித் தேர்ந்திருக்கிறேன்.

செல்லுபடிக் காலத்துக்கு வருகிறேன். 28 நாள் திட்டம் ஒரு மாதத் திட்டம் அன்று. 365 நாளை 28 ஆல் வகுத்தால் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை கட்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டே எங்கள் வீடுகளில் பதின்மூன்றாம் தவணையையும் கட்டுகிறோம். ரீசார்ஜ் நாளும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் முன்னோக்கி நகர்வதால், சம்பள நாளோடு இசைந்து தொடங்கியது ஆறேழு மாதத்தில் கையில் காசில்லாத நாளில் வந்து நிற்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் பிறப்பித்த ஆணையின்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நல்ல ஆணை. ஆனால் பட்டியலில் எங்கோ ஒன்று இருப்பது வேறு, கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது வேறு. எல்லாத் திட்டத்தின் அருகிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற ஒரே அளவுகோலை அச்சிட்டால், 28, 56, 84 என்று விதவிதமான நாள்களை வகுத்துப் பார்க்கத் தெரியாதவரும் ஒப்பிட்டுக்கொள்வார்.

டேட்டாவே வேண்டாதவர்களை மறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் எல்லாருக்கும் டேட்டாத் திட்டம் வேண்டும் என்ற எண்ணம் உங்களிடம் வேரூன்றியிருக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கும் முதியவருக்கு வெளியே போகும்போது அழைப்பும், வங்கியின் ஓடிபி வரக் குறுஞ்செய்தியும் இருந்தால் போதும். 2024 டிசம்பரில் டிராய், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை வழங்கியே தீர வேண்டும் என்று விதித்ததோடு, அத்தகைய திட்டங்களின் உச்ச செல்லுபடிக் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. பிற நாட்டு ஆணையங்களும் இதைப் பார்க்க வேண்டும். எண் என்பது இன்று வெறும் தொடர்பு எண் அன்று. வங்கிக் கணக்கும் அரசுச் சேவையும் மருத்துவமனைச் சீட்டும் அதில்தான் தொங்குகின்றன. ரீசார்ஜ் தவறிய சில மாதங்களில் எண்ணை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், ஏழை ஒருவர் தன் அடையாளத்தின் ஒரு பகுதியை இழக்கிறார். எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கு மட்டுமான மிகக் குறைந்த கட்டணம் ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்க வேண்டும். அது திட்டப் பட்டியலின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களின் திட்டங்களை, அவை கிடைக்கும் நாடுகளில், பழைய கைபேசிக்காரர்களுக்கு நான் மனமுவந்து பரிந்துரைப்பதுண்டு. விலை குறைவு, ஒப்பந்தக் கட்டு இல்லை. ஆனால் நெரிசல் நேரத்தில் அவற்றின் வாடிக்கையாளருக்கு வரிசையில் பின்னிடம் கொடுக்கப்படுவதையும், வோல்ட்இ சில மாடல்களுக்கு மட்டுமே திறந்திருப்பதையும் அந்நிறுவனங்களே முன்கூட்டிச் சொன்னால் என் பரிந்துரையில் தயக்கம் இருக்காது.

இவை எதைக் கேட்டாலும் வாடிக்கையாளர் சேவையிலிருந்து திரும்பத் திரும்ப வரும் விடை, புதுக் கைபேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். அத்தைக்கும் அதைத்தான் சொன்னார்கள். தவணையில் தருகிறோம் என்றார்கள். ஒரு கைபேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. நன்றாக இயங்கும் கருவியை இன்னும் மூன்றாண்டு பயன்படுத்துவதைவிடப் பெரிய சிக்கனம் பயனரால் செய்ய இயலாது. அந்தச் சிக்கனத்தைச் செய்பவரை, அவர் கருவியே குற்றவாளி என்பதுபோல் திருப்பி அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அத்தையின் கருவியில் எந்தக் குற்றமும் இல்லை. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறியதும், அதே கைபேசியில் அதே அறையில் முதல் முயற்சியிலேயே அழைப்பு போனது. முந்தைய நிறுவனம் முதல் நாளே, உங்கள் மாடலுக்கு எங்களிடம் குரல் அழைப்பு வராது என்று சொல்லியிருந்தால், மூன்று மாதப் பணமும் நான்கு நாள் அலைச்சலும் மிஞ்சியிருக்கும். அந்த நேர்மைக்காக நானே அவர்களிடம் இன்னொரு நாள் வாடிக்கையாளராகப் போயிருப்பேன்.

ஆணையங்களிடம் நான் வேண்டுவது, இது விதியாகவே வர வேண்டும் என்பதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத் தொகுப்பு, வாடிக்கையாளருக்கு மிகப் பொருத்தமான கட்டணம் எது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நிறுவனமே சொல்ல வேண்டும் என்கிறது. திட்டங்களை ஒப்பிடும் சுதந்திரமான கருவி ஒன்றாவது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் தம் இணையத் திட்டங்களுக்கு, உணவுப் பொட்டலத்தின் மீதுள்ளது போன்ற ஒரே வடிவிலான விவரச் சீட்டை விற்குமிடத்திலேயே காட்ட வேண்டியதாயிற்று. இவை இரண்டும் திட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன. திட்டமும் கருவியும் பொருந்துகின்றனவா என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். ஒருவர் தன் ஐஎம்இஐ எண்ணை, சிம் வாங்கும் முன்பே, உங்கள் தளத்திலோ கடையிலோ ஒரு குறுஞ்செய்தியிலோ கொடுத்தால், இந்த மாடலில் எங்கள் குரல் அழைப்பு வேலை செய்யும் அல்லது செய்யாது, அவசர அழைப்பு போகும் அல்லது போகாது, 5ஜி கிடைக்கும் அல்லது கிடைக்காது, இந்த எண் திருட்டுப் பட்டியலிலோ தவணை பாக்கிப் பட்டியலிலோ இருக்கிறது அல்லது இல்லை, ஆகவே உங்களுக்குப் போதுமான மிகக் குறைந்த திட்டம் இது என்று அவர் மொழியில் விடை வர வேண்டும். கைபேசியைப் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன்பே, விற்பவரின் எதிரில் நின்றபடியே அந்த விடையைப் பெற முடிந்தால், ஏமாற்று விற்பனையில் ஒரு பகுதியும் அங்கேயே நின்றுபோகும். விடை தவறாக இருந்து திட்டம் பயன்படாமற்போனால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

நிறுவனங்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வோல்ட்இ திறந்திருக்கும் மாடல்களின் முழுப் பட்டியலையும், உங்கள் கோபுரங்கள் இயங்கும் அலைவரிசைகளையும், யாரும் தரவிறக்கிப் பயன்படுத்தும் வடிவில் வெளியிடுங்கள். பட்டியலில் இல்லாத மாடலைச் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளர் விண்ணப்பிக்க ஒரு வழியையும், அதற்கு எத்தனை நாளில் விடை கிடைக்கும் என்பதையும் அறிவியுங்கள். மீதியை என் போன்றவர்கள் எங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் செய்துகொள்வோம். அத்தையின் தங்கைக்கும் ஒரு பழைய கைபேசி வரவிருக்கிறது. அதன் 15 இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த எண்ணைக் கொடுத்து எந்தத் திட்டம் பொருந்தும் என்று எங்கே கேட்பது என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கைபேசி ஒன்றைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்